திரையில் தடுமாறிய கொம்பு

தமிழ் எழுத்துகளோடு ஒட்டி வரும் குறிகளுள் கொம்பைப்போல் கணிப்பொறியாளரை அலைக்கழித்தது வேறொன்றில்லை. 'கெ' என்னும் எழுத்தில் ஒலியால் முற்படுவது ககர மெய். எகர உயிர் அதன் பின்னது. எழுதுங்கால் முற்படுவதோ கொம்பு. ஓலையில் எழுதியவனுக்கும் தாளில் எழுதுபவனுக்கும் இதனால் இடர்ப்பாடு எதுவும் நேர்ந்ததில்லை. கை எதை முதலில் இட்டாலும் கண் முழுவடிவையே காண்கிறது. எழுத்தை எண்ணாக்கி வரிசையில் அடுக்கிவைக்கும் பொறிக்கோ எது முந்தியது என்று யாரேனும் முடிவு சொல்லியாக வேண்டும். அந்த முடிவு ஒரு காலத்தில் ஒருவாறும் பிறிதொரு காலத்தில் வேறொருவாறும் சொல்லப்பட்டது. கடந்த நாற்பது ஆண்டுகளில் தமிழ் கணித்திரையில் பட்ட பாடுகளுள் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இலக்கிய மலரில் இப்பொருள் எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். நம் வட்டாரத்தை நோக்குக. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் உருளத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா நிறுவனம் கைப்பேசிகளைச் செய்து குவித்தது. 2007இல் டெல் கணிப்பொறித் தொழிற்சாலை வந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசானும் 2012இல் டைம்லரும் 2013இல் ராயல் என்ஃபீல்டும் கதவு திறந்தன. உலகின் கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் ஒரு பங்கு நம் ஏரிக்கரைகளுக்கு அருகிலேயே உருவாகிறது. அப்பொறிகளின் திரையில் தமிழ் எவ்வாறு வந்து நின்றது என்னும் வரலாறு நமக்கு அயலானதன்று. அன்றியும், இம்மலருக்கு வந்த கட்டுரைகளுள் சில இன்னும் பழைய எழுத்துருக்களிலேயே வந்தமையால், அச்சுக்கோப்பவர் பட்ட துன்பமும் இதனை எழுதத் தூண்டியது.

கொம்பின் கதை கணிப்பொறிக்கு முன்பே தட்டச்சுப் பொறியில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் அமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறி 1930களில் ஜெர்மனியில் செய்யப்பட்டுப் புழக்கத்திற்கு வந்தது. ஆங்கிலப் பொறியின் நாற்பத்து சொச்சம் விசைகளுக்குள் 247 எழுத்துகளையும் அடக்குவது எளிய செயலன்று. எழுத்துகளைத் துண்டுகளாக்கி, துண்டுகளைச் சேர்த்துத் தாளில் முழுவடிவம் தோன்றச் செய்தார். சில குறிகளின் விசையை அழுத்தினால் தாளுருளை நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அதே இடத்தில் வந்து விழும். கொம்பு இடப்பக்கம் நிற்பதால் அதையே முதலில் தட்ட வேண்டும். தட்டச்சு நிலையங்களில் பயின்ற பல்லாயிரவர் விரல்களில் இவ்வரிசை ஊறிப்போயிற்று. பின்னாளில் கணிப்பொறி எழுத்துருக்களைச் செய்தவர்கள் இவ்விரல்களுக்கு இணங்கியே செய்தார்கள். அதனைக் குறை கூறுவதற்கில்லை. பொறியை விற்க வேண்டுமானால் விரலைப் பகைத்துக்கொள்ள இயலாது.

இன்னொன்றும் இங்குக் கூறத்தக்கது. தந்தை பெரியார் 1935 முதல் 'குடிஅரசு' இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1978இல் ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா முதலியவற்றின் பழைய சுழித்த வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவங்களும் உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் எளிதாயிற்று. அச்சுக்கூடத்தாரின் வசதிக்காக வந்த மாற்றமென்று பலர் அதனைச் சிறிதாக மதிப்பர். ஆனால் பத்தாண்டு கழித்து, 128 இடங்களுக்குள் தமிழ் முழுவதையும் திணிக்க முயன்ற எழுத்துரு வல்லுநர்களுக்கு அப்பதின்மூன்று இடங்கள் மிச்சமானது பெரும்பேறாயிற்று.

1980களில் கணிப்பொறித் திரை, கட்டங்கட்டமாகப் பிரிக்கப்பட்ட பலகை போன்றது. கட்டத்துக்கு ஓர் எழுத்து. பெரும்பாலும் எட்டுப் புள்ளி அகலம். ரோமன் எழுத்துகள் அதில் அமைதியாக அமர்ந்தன. நம் 'ணூ'வும் 'ஞை'யும் 'ஔ'வும் அமருமா? இரண்டு கட்டங்களைச் சேர்த்து ஓரெழுத்தை வரைவதும், திரையைப் படமாகவே எண்ணிப் புள்ளி புள்ளியாகத் தீட்டுவதும் அன்றைய வழிகளாயின. கனடாவில் இருந்த கு. சீனிவாசன் 'ஆதமி'யை உருவாக்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். இந்தியாவில், கான்பூர் ஐ.ஐ.டி.யில் உருப்பெற்றுப் பின் புனேயின் சி-டாக் நிறுவனத்தால் வளர்க்கப்பட்ட 'ஜிஸ்ட்' அட்டையைக் கணிப்பொறிக்குள் செருகினால் இந்திய மொழிகள் திரையில் தோன்றின. எழுத்தைத் திரையில் காண ஒரு தனி அட்டையையே விலைகொடுத்து வாங்கிய காலம் அது!

விண்டோஸ் வந்தபின் அட்டை வேண்டாவாயிற்று. எழுத்துரு ஒன்று இருந்தால் போதும் என்ற நிலை பிறந்தது. இந்த எளிமைதான் பிற்காலத் துன்பத்துக்கெல்லாம் வித்திட்டது. எழுத்துருச் செய்வோர் ரோமன் எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்தினார்கள். பொறியைப் பொறுத்தவரை அது ஆங்கிலமே. காண்பவன் கண்ணுக்கு மட்டுமே தமிழ். எந்த இருக்கையில் எந்த எழுத்து என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் இலவசமாக வழங்கிய 'மயிலை' ஒரு விதம். ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் விரும்பிய 'பாமினி' ஒரு விதம். அச்சகங்களில் ஸ்ரீலிபியும் இளங்கோவும். தமிழக அரசு அலுவலகங்களில் வானவில். பாமினி எழுத்துரு இல்லாத பொறியில் ஒரு மடலைத் திறந்தால் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகப் பல்லிளிக்கும். மொழியின் பெயரே அவ்வாறு ஆனபோது மற்றச் சொற்களைப் பற்றிக் கூறுவானேன்.

சொற்செயலிகள் இந்த ஆள்மாறாட்டத்தை அறியா. மைக்ரோசாஃப்ட் வேர்டு, ஆங்கிலம் எழுதுபவருக்கு உதவும் நல்லெண்ணத்தோடு, வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானே பேரெழுத்தாக மாற்றும். ஆங்கிலத்துக்கு அது உதவி; பாமினிக்கு அது வினை. சிறிய ஜே இருக்கையில் 'த'வும் பெரிய ஜே இருக்கையில் 'து'வும் அமர்ந்திருந்தமையால், வாக்கியத் தொடக்கத்தில் 'தமிழ்' என்று தட்டி முடித்ததும் அது 'துமிழ்' ஆகும். 'மரம்' என்று தொடங்கினால் 'முரம்' என்று நிற்கும். காரணம் தெரியாதவர்கள் தம் விரலையே நொந்துகொண்டு திரும்பத் திரும்பத் தட்டினார்கள்; பொறியும் சலியாமல் திரும்பத் திரும்பத் திருத்திற்று. அவ்வசதியைக் கருவிப் பட்டியலில் தேடி அணைத்துவிட வேண்டும் என்பதே தீர்வு. இவ்வறிவு நூல்வழியே பரவியதன்று. தட்டச்சு மையத்துக்கு மையம் வாய்மொழியாகவே பரவிற்று.

காற்புள்ளியின் கதை இதனினும் வேடிக்கையானது. பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளியின் இருக்கை 'இ'கரத்துக்கு உரியது. காற்புள்ளிக்கு வேறு விசை. ஆங்கிலப் பழக்கத்தில் காற்புள்ளியை வேறோர் எழுத்துருவில் இட்டு, கட்டுரை முழுவதையும் பின்னர் ஒரேயடியாக மாற்றினால், பெயர்களுக்கிடையில் உள்ள காற்புள்ளியெல்லாம் 'இ'யாகிவிடும். இணையத்தில் ஈழத்துப் பழைய செய்திகளைப் படிப்பவர்கள் 'கண்ணன்இ முருகன்இ வள்ளி' என்பது போன்ற தொடர்களை இன்றும் காணலாம். அது வட்டார வழக்கன்று; இடம்பெயர்ந்த காற்புள்ளி.

திரையில் மட்டும் நிகழ்ந்து தாளில் நிகழாத பிழைகளும் உண்டு. புள்ளிக்கு இவ்வெழுத்துருக்களில் அகலமே கிடையாது. முன்னெழுத்தின் தலைமேல் பின்னோக்கிச் சாய்ந்து உட்காரும். சொற்செயலியோ ஒவ்வோர் எழுத்துக்கும் அதனதன் அகலத்தைக் கணக்கிட்டுத் திரையைப் புதுப்பிக்கும். எல்லைக்கு வெளியே நிற்கும் புள்ளி கணக்கில் சேராது. சுட்டி நகர்ந்த இடத்தில் புள்ளி மறையும். அழித்த சொல்லின் புள்ளி மட்டும் ஆவிபோல் எஞ்சும். பக்கத்தை ஒருமுறை மேலும் கீழும் உருட்டினால் எல்லாம் ஒழுங்காகிவிடும். மெய்ப்புத் திருத்துவோர் இல்லாத புள்ளியை இருப்பதாகவும் இருக்கும் புள்ளியை இல்லாததாகவும் கொண்டு மயங்கினர். பழைய ஏடுகளில் புள்ளியே இட மாட்டார்கள், எகர ஏகார வேறுபாடும் காட்ட மாட்டார்கள் என்பதை இங்கு நினைவுகூரலாம். அன்று படிப்பவன் தன் மொழியறிவால் புள்ளியைப் பெய்துகொண்டான். பொறிக்கு அந்த அறிவில்லை.

இக்குழப்பம் கண்டு பொறுக்காதவர்களுள் முன்னின்றவர் ஓர் எழுத்தாளர் என்பது இலக்கிய வட்டத்தார் மகிழத்தக்க செய்தி. சிங்கப்பூர்ச் சிறுகதையாசிரியர் நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் அமைப்பை உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை அந்நாட்டின் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய முயற்சியில் தமிழ்ப் பகுதி அவர் கைவண்ணம். 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த 'தமிழ்நெட் 97' மாநாடு, பல நாட்டுத் தமிழ்க் கணிப்பொறியாளரை முதன்முறையாக ஓரிடத்தில் கூட்டிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் மு. ஆனந்தகிருஷ்ணன் முன்னின்று நடத்திய 'தமிழ்நெட் 99' மாநாட்டின் பயனாக ஒரு விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியீட்டு முறைகளும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. அதே ஆண்டில் கோவிந்தசாமி காலமானார். அவர் வயது ஐம்பத்து மூன்றைத் தாண்டவில்லை.

அரசின் முறைக்கு இணையாக, இணைய மடற்குழுவில் கூடிய அன்பர்கள் 'திஸ்கி' என்னும் முறையை வகுத்தார்கள். அதன் நுட்பங்களைக் காணுந்தோறும் பட்டறிவின் மணம் வீசுகிறது. வேர்டு, நேர் மேற்கோள் குறிகளைத் தானாகவே வளைந்த குறிகளாக மாற்றும் இயல்பினது. அவ்வளைந்த குறிகளுக்கு 145 முதல் 148 வரை இடங்கள். திஸ்கி அந்நான்கு இடங்களிலும் தமிழெழுத்தை வைக்காமல் மேற்கோள் குறிகளுக்கே விட்டுக்கொடுத்தது. ஆயினும் 173ஆம் இடத்தில் 'இ'யை வைத்தது தொல்லையாயிற்று. அவ்விடம் உலகநடையில், வரியிறுதியில் சொல் முறிந்தால் மட்டும் தோன்றும் மறைமுகச் சிறுகோட்டுக்கு உரியது. சொற்செயலிகளும் உலாவிகளும் அதை மறைத்தே வைக்கும். எனவே 'இலக்கியம்' என்று தட்டினால் திரையில் 'லக்கியம்' மட்டும் நிற்கும். பின்வந்த பதிப்பில் 'இ'க்கு 254ஆம் இடம் கூடுதலாகத் தரப்பட்டது. பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் பணியை 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், முதலில் தனி எழுத்துருக்களிலும் பின்னர்த் திஸ்கியிலும் பின்னர் யூனிகோடிலும் என்று தன் நூல்களையெல்லாம் மீண்டும் மீண்டும் மாற்றியமைத்தது. நூல்களைத் தட்டச்சிட்டவர்களும் மாற்றியவர்களும் ஊதியம் பெறாத அன்பர்கள்.

யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு 128 இடங்களைத் தந்திருந்தது. இந்திய அரசின் 'இஸ்கி' 1988 முறையை அடியொற்றியதால், தேவநாகரிக்கு ஏற்ற அமைப்பே நமக்கும் வந்தது. அகரமேறிய மெய்யே அடிப்படை. புள்ளி அதன்மேல் ஏறும் குறி. மெய்யின்மேல் உயிர் ஊர்வதே உயிர்மெய் என்னும் தமிழிலக்கணத்துக்கு இது தலைகீழ் என்று எழுந்த குரலில் நியாயம் உண்டு. 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்குத் திஸ்கியில் நான்கு இடம், யூனிகோடில் ஐந்து இடம். ஆயினும் கொம்பின் பொருட்டு யூனிகோடு செய்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. ஒலிவரிசைப்படி மெய்யை முதலிலும் கொம்பைப் பின்னும் சேமித்துவை. திரையில் காட்டும்போது கொம்பை முன்னே நகர்த்துவது பொறியின் வேலை என்றது அது. அகரவரிசைப்படுத்தலுக்கும் தேடலுக்கும் இதுவே உகந்தது.

பொறி அவ்வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் காலம் பிடித்தது. விண்டோஸ் 2000இல், 'யூனிஸ்கிரைப்' என்னும் அமைப்பும் 'லதா' எழுத்துருவும் சேர்ந்து தமிழை முதன்முதலாகச் சரியாக வரைந்தன. அடுத்து 2001இல் வந்த எக்ஸ்.பி.யில் அதே திறன் இருந்தும் உறங்கிக் கிடந்தது. வட்டார மொழி அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தில் குறியிட்டு, மூலக் குறுந்தகட்டைச் செருகினால்தான் அது விழிக்கும். எத்தனை அலுவலகங்களில் அக்குறுந்தகடு கைவசம் இருந்தது? குறியிடாத பொறிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னே தள்ளாடி நின்றது. 'யூனிகோடு தமிழுக்கு ஆகாது' என்று அக்காலத்தில் எழுந்த பழிச்சொல்லுக்கு இந்த ஒரு கட்டமே பெரிதும் காரணம். 2007இல் விஸ்டா வந்தபின் குறியிடும் தேவை ஒழிந்தது.

பின்னர் வந்தது புள்ளி வட்டம். தட்டச்சுப் பொறி வழக்கப்படி கொம்பை முதலில் தட்டினால், துணைக்கு மெய்யில்லாத கொம்பு புள்ளிகளாலான ஒரு வட்டத்தைத் துணைசேர்த்துக்கொண்டு நிற்கும். அது பிழையன்று, பிழையைக் காட்டும் விரல். வரிசையை மாற்றித் தட்டினால் மறையும். இப்போது பல விசைப்பலகை மென்பொருள்கள் பழைய வரிசையில் தட்டினாலும் உள்ளே ஒழுங்குபடுத்திக் கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பிழைகளே கொடியவை. 'ஔ'வுக்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவதும், துணைக்காலுக்கு மாற்றாக ரகரத்தை இடுவதும் திரையில் குறையாகத் தோன்றா. தேடும்போதுதான் காலை வாரும்.

நம் ஊர்ப்பெயரே இதற்குச் சான்று. ஸ்ரீபெரும்புதூரின் முதலெழுத்து தட்டச்சுப் பொறியில் ஒரே விசை. திஸ்கியில் ஒரே இடம். யூனிகோடில் அதற்குத் தனியிடம் இல்லை; ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி ஆகிய நான்கும் சேர்ந்தால் அவ்வடிவம் தோன்றும். 2005இல் வடமொழியின் மற்றொரு சகரத்துக்கு யூனிகோடு புதிய இடம் தந்து, இனி அதைக்கொண்டே அவ்வெழுத்தை அமைக்கலாம் என்றது. அன்றுமுதல் ஒரே வடிவத்துக்கு உள்ளே இருவேறு எழுத்துக்கூட்டு. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. ஒருவகையில் பதிந்த முகவரியை மறுவகையில் தேடினால் பொறி 'இல்லை' என்று கைவிரிக்கும். 'திருப்பெரும்புதூர்' என்று எழுதினால் இத்தொல்லை இல்லை என்று தனித்தமிழ் அன்பர்கள் கூறுவர். அவர்கள் கூற்றுக்குக் கணிப்பொறியே துணைநிற்பது எதிர்பாராதது.

கைப்பேசிக் காலத்தில் இடநெருக்கடி புதுவடிவம் கொண்டது. ரோமன் எழுத்தில் 160 இடம் பெறும் குறுஞ்செய்தி, யூனிகோடு தமிழில் 70 இடமே பெறும். 'தமிழ்' என்று இடைவெளியின்றிப் பதினான்கு முறை எழுதினால் ஒரு செய்தி தீர்ந்துவிடும். முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் அறிமுகமானது. ஆயினும் பெறுபவர் பொறியில் தமிழ் எழுத்துரு இல்லையேல் வெற்றுக் கட்டங்களே வரும். இத்தகைய இன்னல் நமக்கு மட்டும் உரியதுமன்று. 2018 பிப்ரவரியில் தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று செய்தியில் வந்த மாத்திரத்தில் ஐபோன் செயலிகள் செயலிழந்தன. அம்மாதமே ஆப்பிள் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஓரெழுத்தை வரையத் தெரியாமல் திகைத்த அந்த ஐபோன், மறு ஆண்டில் நம் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் உருவாகத் தொடங்கியது.

அச்சகங்கள் மட்டும் நெடுங்காலம் யூனிகோடின் பக்கம் திரும்பவில்லை. பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001இல் வெளியாயிற்று. அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது. இன்டிசைன் 2012இல்தான் இந்திய எழுத்துகளை ஒழுங்காகக் கோக்கக் கற்றது. இடைப்பட்ட காலத்தில் எழுத்தாளர் யூனிகோடில் தருவார். அச்சகத்தார் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவர். மாற்றத்தில் ஏதேனும் ஓரெழுத்து தவறும். வேர்டிலும் சில மூலைகள் இன்னும் இருள்தான். அது ரோமனுக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு வேறோர் எழுத்துரு என்று தனித்தனியே கணக்கு வைத்திருப்பதால், அளவைக் கூட்டினாலும் சில வேளை தமிழ் அசைந்துகொடாது. வரி இடைவெளியை இறுக்கமாக அறுதியிட்டால் 'கீ'யின் சுழியும் 'ணூ'வின் காலும் வெட்டுண்ணும். எழுத்துருப் பெட்டியில் சிக்கலான எழுத்துகளுக்குரிய பகுதியைத் தனியே திருத்துவதும், வரி இடைவெளியைத் தளர்த்துவதும் இவற்றுக்கு மருந்து.

2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யூனிகோடையும், ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் 'டேஸ் 16' முறையையும் தரமாக அறிவித்தது. பின்னதில் 'தமிழ்' மூன்றெழுத்துதான். இலக்கணத்துக்கு இயைந்த அம்முறை, யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் ஒதுங்கி நிற்பதால் பொதுமக்கள் கைப்பேசிகளுக்குள் நுழையவில்லை.

2019 மார்ச்சில் யூனிகோடின் பன்னிரண்டாம் பதிப்பு, தமிழுக்குப் புதிதாக 51 குறிகளைச் சேர்த்தது. முந்திரி, காணி, மா, மாகாணி முதலிய பின்னக் குறிகளும், பழைய கணக்கு வழக்கில் வந்த அளவைக் குறிகளும் அவற்றுள் அடங்கும். 320இல் ஒரு பங்கைக் குறிக்கும் முந்திரிக்கு இப்போது கணிப்பொறியில் ஓர் இருக்கை உண்டு. நம் பகுதியின் பழைய நிலப் பத்திரங்களில், தொழிற்பேட்டையாவதற்கு முன்னிருந்த நன்செய் புன்செய்களின் அளவுகள் இக்குறிகளில் கிடக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியோர் அருகி வருகின்றனர். இப்பத்திரங்களை உள்ளவாறே தட்டச்சிட முனைவோர் கவனிக்க: வழக்கமான தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இக்குறிகள் இன்னும் ஏறவில்லை, திரையில் வெற்றுக் கட்டம் தோன்றினால் குறி தவறென்று அழித்துவிட வேண்டா. கூகுளின் 'நோட்டோ' வரிசையில் இக்குறிகளுக்கென்றே தனி எழுத்துரு விலையின்றிக் கிடைக்கிறது. அதனை நிறுவிக்கொண்டால் கட்டத்துக்குள்ளிருந்து மாவும் காணியும் வெளிப்படும்.